பின்பக்கத்து மை

...இதோ, மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டார், பக்கத்து அறையில் கணவரின் ரெக்கார்டர் என்கிற அந்த மரக்குழல் நாலாவது தடவையாக ஏறி, இறங்கி, சட்டென்று ஓய்ந்துபோனது, அவள் தலையணை உறையை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள், சொல்லிவிடு, இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிடு, தப்பு உங்கள் காதில் இல்லை, என் கையில் என்று... இவ்வளவுதானே, மூன்று நாளாக ஏன் தள்ளிப்போடுகிறாய்? முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கைப்பட எழுதிய கன்செர்ட்டோ என்கிற இசைக்கோவைகள், அந்தப் பழைய தாள்களைப் படமெடுத்து அப்படியே அச்சிடும் பதிப்பகத்தில் படங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை, பின்பக்கத்து மை ஊறி முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும், அதைக் கணினியில் தேடித்தேடி அழிக்க வேண்டும், முன்பக்கத்து மையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டாள். சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும் ஒரு சின்னக் குறி, வெளிறிப்போயிருந்தது, நிழல் என்று நினைத்துவிட்டாள், அன்றைக்கு அவசரம், தலைவலி வேறு... போதும், சாக்குத் தேடாதே. "கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கும்மா" என்று மேலாளர் சொன்னபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்தாயே.

முதல் பிரதியை வீட்டுக்கு ஓடிவந்து கணவரிடம்தான் கொடுத்தாள், அவரும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார், பிறகு ஒத்திகை, அந்த ஒரு சுரம் மட்டும் அரைப்படி மேலே நிற்கிறதாம், "காதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா அண்ணே?" என்று வயலின்காரர் கேலி செய்தாராம், புத்தகத்தில் தப்பிருக்குமோ என்று யாரோ கேட்டதற்கு இவருக்குக் கோபமே வந்துவிட்டது, "அச்சுக் கோத்ததுன்னா தப்பு வரும், இது நகல், எழுதினவருக்கும் எனக்கும் நடுவுல யாருமே கிடையாது!" யாருமே கிடையாதா? மறுநாளே அலுவலகத்தில் மூலப் படத்தைத் திறந்து பார்த்தாள், குறி இருந்தது, வாயை மூடிக்கொண்டு வீடு வந்தாள். போன வருஷம் இடது காது மந்தமாகிறது என்று டாக்டர் சொன்னதை அவர் இப்போது இதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்...

கையில் போனோடு வந்து நின்றார். "கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். அரைப்படி விலகறதுகூடத் தெரியாத காதை வெச்சுக்கிட்டு எதுக்கு மேடை?"

"என்னங்க... அங்க ஒரு குறி இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டேன்."

அவளையே பார்த்தார், பிறகு சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்றியா? அதுவும் உனக்கு ஒழுங்கா வரலியே! பன்னெண்டு வருஷத்துல ஒரு புள்ளியாவது தவறவிட்டிருக்கியா நீ?"

அவள் அடுத்து எடுத்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க வந்தார், நாளைக்கு மூலப் படத்தைக் கொண்டுவந்து காட்டறேன் என்று சொல்ல வேண்டியதுதானே, வாயைத் திற... ஆனால் அவர் முகத்தில் எத்தனை பிரியம், நெஞ்சும் லேசாகிவிட்டது, சொல்லியாயிற்று, அவர்தான் நம்பவில்லை, அதற்கு அவள் என்ன செய்வாள்? கூடத்துக்குப் போய்ப் போனில் அவர் "ஹலோ" என்பது கேட்டது, அவள் போர்வையோடு அப்படியே நின்றாள், நாம் சொன்ன அந்தக் குரல்... காய்ச்சலில் கிடப்பவரிடம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்கிற குரல் அல்லவா அது, நம்ப வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னோமோ...