ஏழாவது வளைவு

எங்கள் நால்வருக்குள் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. நீங்கள் நினைக்கிற வார்த்தைகளையெல்லாம் நாங்கள் தாராளமாகப் பேசுவோம். அதில் ஒரு குறையும் வைத்ததில்லை. சொல்லக்கூடாத ஒரே வார்த்தை ‘முடியல’ என்பதுதான். கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் முதன்முதலாகக் காட்டுக்குப் போனபோது போட்ட சட்டம் அது. பையைத் தோளில் மாட்டி நடக்கத் தொடங்கிய பிறகு யார் முதலில் அந்த வார்த்தையைச் சொல்கிறாரோ, அவர் இரும்புச் சட்டியைச் சுமக்க வேண்டும். வீடு திரும்பியதும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி அதைக் கூடத்தில் மாட்டிவைக்க வேண்டும். அடுத்த பயணம் வரை அவர் பெயர் ‘சட்டி’. சாக்குச் சொல்லி உட்கார்ந்தாலும் சொன்னதாகவே கணக்கு. நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தச் சட்டி விடுதிச் சமையலறையிலிருந்து நாங்கள் ‘காப்பாற்றி’ எடுத்து வந்தது. தூக்கினால் தோள் ஒரு பக்கமாக இறங்கும். எதைப் போட்டுச் சமைத்தாலும் அடிப்பிடிக்கும். நாற்பதைத் தொடப்போகிற, பெண்டாட்டி பிள்ளை உள்ள நான்கு பேர் வருடத்துக்கொரு முறை இதற்காக வாயை மூடிக்கொண்டு மூச்சு வாங்குகிறோம் என்றால், படித்தவர்கள் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒருவன் பல் டாக்டர். ஒருவன் சர்வேயர். ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.

பல் டாக்டர் ஏழு முறை சட்டியாகியிருக்கிறான். ‘வலிக்கவே வலிக்காது’ என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், செருப்புக் கடித்தால் தாங்கமாட்டான். மற்ற இருவரும் மீதி வருடங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாதவன் நான். வேறெந்தச் சாதனையும் என் பெயரில் இல்லாததால் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் என் தங்கையைக் கட்டிக்கொண்டவன். அவன் எனக்கு முதலில் நண்பனாக இருந்து, பிறகு மச்சானாகி, இப்போது இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் மேல்மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலையாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சமதரையில் நடக்கலாம், நெஞ்சு இறுக்கினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

விஷயம் எங்கள் வீட்டோடு நின்றது. மற்ற இருவரிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தான்.

“தெரிஞ்சா என் பையைத் தூக்குறேன்னு வருவானுங்கடா. அதுக்கு நான் செத்தே போகலாம்” என்றான். இதயத்தில் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒருவன் பேசுகிற பேச்சு இது.

கிளம்புகிற அன்று காலை அவர்கள் படுக்கையறையில் தங்கை அவன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். துண்டு, டார்ச், மாற்றுச் சட்டை, மாத்திரை. இன்னொரு மாத்திரை அட்டையை என் சட்டைப் பையில் திணித்தாள். மச்சான் குளியலறையில் இருந்தான்.

“அண்ணா, அவருக்கு வலிச்சா வாயைத் திறக்கமாட்டார். நீ சொல்லிடு.”

“என்னத்தச் சொல்றது?”

“உங்க அந்த வார்த்தையைத்தான். நீ சொன்னா எல்லாரும் உக்காந்துடுவீங்க. அவருக்கும் மானம் போகாது. உனக்கு ஒரு சட்டிதானே?”

“இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா? நீ கவலைப்படாம இரு.”

வாயால் சொல்வதற்கு என்ன, காசா பணமா? அள்ளிவிட்டேன்.

சர்வேயர் போட்ட திட்டத்தின்படி இது ஓடையோரமாக இரண்டு நாள் நடை. ஒரு மேடுகூடக் கிடையாது என்று வரைபடத்தைப் பென்சிலால் தட்டித் தட்டிச் சொன்னான். முதல் நாள் அப்படியே போயிற்று. பிற்பகலில் ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிற சர்வேயர் சாய்வு பார்த்து, திசை பார்த்து, முளைகளை அவனே அடித்தான். அரைமணி நேரத்தில் கூடாரம் மரியாதையாகக் குனிந்து எங்கள் தலையில் உட்கார்ந்தது. பல் டாக்டர் சட்டியில் நூடுல்ஸ் கிண்டினான். வழக்கம்போல் பாதி சட்டிக்கு, பாதி எங்களுக்கு. மச்சான் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சிரித்தபடியே இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு சர்வேயர் மலையை அண்ணாந்து பார்த்தான்.

“ஓடையோரமா நடக்கறதுக்கு வீட்டுல குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்துல நடக்கலாமே. மேல ஏறிடுவோம். ஒன்பது வளைவுதான்.”

“போலாம்” என்று முதலில் சொன்னவன் மச்சான். நான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். “வேணாம்டா” என்றேன்.

“மெதுவாத்தானே போறோம். நீ என் பொண்டாட்டி மாதிரி பேசாத” என்று கையை உதறிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான்.

மூன்று வளைவு வரை எல்லாரும் பேசிக்கொண்டே ஏறினோம். நான்காவது வளைவில் மச்சான் நின்றான்.

“ஷூ கயிறு அவுந்துடுச்சு. நீங்க போயிட்டே இருங்க” என்று குனிந்தான்.

அவன் ஷூவில் கயிறே கிடையாது. ஒட்டுப்பட்டை வைத்த ஷூ. வாங்கும்போது நானும் கூடவே இருந்தேன். குனிந்தவன் முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். நான் பார்த்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. பல் டாக்டரின் மூச்சு பழைய சைக்கிள் பம்பு மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் எப்படியும் இன்னும் பத்தடியில் சொல்லிவிடுவான், நான் ஏன் அவசரப்பட வேண்டும் என்று நினைத்தேன். பதினெட்டு வருடத்தைப் பத்தடிக்காக யாராவது விடுவார்களா?

ஐந்தாவது வளைவில் மச்சான் ஒரு எறும்புப் புற்றை வெகுநேரம் ரசித்தான். எறும்புகள் அதற்கு முன் அப்படிப்பட்ட ரசிகரைக் கண்டிருக்காது. பல் டாக்டரும் பக்கத்தில் வந்து நின்று, “ஆமா, நல்ல எறும்பு” என்றான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. ஏழு முறை சட்டி சுமந்த கோழை, அன்றைக்குப் பார்த்து வீரனாகிவிட்டான்.

ஆறாவது வளைவில் மச்சானின் பேச்சு நின்றுபோனது. கழுத்தெல்லாம் வேர்வை. அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, ஏதோ பெரிய உதவி செய்த திருப்தியில் முன்னால் நடந்தேன். என் கடைக்கு வருகிறவர்கள் கடைசி வரி எழுத்து தெரியாமலேயே குத்துமதிப்பாக வாசித்துக் காட்டுவார்கள். கண் தெரியவில்லை என்று சொல்லத்தான் வந்திருப்பார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறவன் நான்.

ஏழாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். மச்சானின் வலது கை பையின் பட்டையில் இல்லை. நெஞ்சின் நடுவில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

“முடியல” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். “என்னால முடியலடா! உக்காருங்கடா எல்லாரும்!”

பல் டாக்டர் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்தான். “தெய்வமே! மூணு வளைவா காத்திருக்கேன்டா, நீ நல்லா இருப்ப” என்று ஷூவைக் கழற்றினான். குதிகால் முழுக்கக் கொப்புளம். சர்வேயர் பையை இறக்கிவைத்து, “அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். அஞ்சாவது வளைவுக்கப்புறம் இது எந்த வழின்னே எனக்குத் தெரியல” என்றான். இருவரும் சட்டியை எடுத்து என் முன்னால் வைத்துக் கைதட்டத் தொடங்கினார்கள்.

மச்சான் உட்காரவில்லை, சரிந்தான். என் சட்டைப் பையிலிருந்த மாத்திரையை அவன் நாக்குக்கடியில் வைத்தேன். கைதட்டல் நின்றது. நான் இரண்டே வாக்கியத்தில் உண்மையைச் சொன்னேன். பல் டாக்டர் வெறுங்காலோடு ஓடிவந்து நாடி பிடித்தான். வழி தெரியாத சர்வேயர் எந்த வழியில் ஓடினானோ, முக்கால் மணி நேரத்தில் வனக்காவலரின் ஜீப்போடு வந்து சேர்ந்தான். அதற்குள் மச்சானுக்கு வலி குறைந்திருந்தது. என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவன், “மாட்டினியா, சட்டி?” என்று கேட்டான். எனக்கு அழுகை வந்தது. நான் அதை மறைக்கவில்லை.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சுவலிதான், மாரடைப்பு வரை போகவில்லை. “நல்லவேளை, சரியான நேரத்துல நிறுத்தினீங்க” என்று டாக்டர் என் முதுகில் தட்டினார். பல் டாக்டரும் சர்வேயரும் விஷயத்தை மறைத்ததற்காக என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கடைசியில் அவர்களும் என் முதுகில் தட்டினார்கள். அந்த இரண்டு நாளில் வாங்கிய தட்டுகளில் முதுகே கூசியது.

மச்சானை வீட்டில் விட்டபோது தங்கை அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள். நான் சட்டியோடு வாசலில் நின்றேன்.

“எங்க முதல்ல நின்னார்?”

“நாலாவது வளைவு.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்க சொன்ன?”

நான்கு என்று சொல்லியிருக்கலாம். கூட இருந்தவர்களுக்கே எந்த வளைவு என்று நினைவிருக்காது.

“ஏழாவது” என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டாள்.

“சொன்னவன் வீட்டுலதான் மாட்டணும். அதான் சட்டம்” என்றேன்.

“நாலுல சொல்லியிருந்தா நீ எடுத்துட்டுப் போயிருக்கலாம்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

சட்டி இப்போது அவர்கள் கூடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது யாராவது விருந்தாளி அதைக் காட்டி, என்ன இது என்று கேட்பார். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். “பதினெட்டு வருஷமா சொல்லாதவன், எனக்காகச் சொன்னான்” என்று என் தோளில் கை போட்டு முழுக் கதையையும் சொல்வான். அவன் கதையில் நான்காவது வளைவு வராது. அவன் ஆரம்பிக்கும்போதே தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கதை முடிகிற வரைக்கும் நான் வாசலில் கிடக்கிற அவனுடைய கயிறில்லாத ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.