வாங்கிவிட்ட புகையிலை

எல்வுட் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்பது மரியாதைக்கு, இறங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் தங்கை லோர்னா ஒரு சின்னப் பொட்டலம் புகையிலையை நீட்டினாள். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி, ஒரு சிகரெட் சுருட்டிப் பற்றவும் வைத்துவிட்டான். அப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, உன் மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வசம்பு வேணும்.”

மாப்பிள்ளை ரோலண்ட் எதிர் மேளக் குழுவின் பாட்டுக்காரன். நாளைக்குப் பாட்டுப் போட்டி. போன வருஷம் அவன் குழுவிடம் பாடித் தோற்ற எல்வுட்டுக்கு இந்த வருஷம்தான் படைத்தவன் கண் திறந்து, ரோலண்டின் தொண்டையை அடைத்திருந்தான். ஆனால் புகையிலையை வாங்கிவிட்டால் கேட்டதைச் செய்தாக வேண்டும். ஓஜிப்வே பழங்குடிக்காரனுக்கு அதில் மேல்முறையீடு கிடையாது.

வேரைப் பிடுங்குமுன் மண்ணுக்கும் ஒரு சிட்டிகை புகையிலை வைக்க வேண்டும். வரும் வழியிலேயே எல்லாவற்றையும் ஊதித் தள்ளியிருந்தான். ‘அப்புறம் வைக்கிறேன்’ என்று சேற்றிடம் கடன் சொல்லிவிட்டு இழுத்தான். வேர் வந்தது. கால் வரவில்லை.

கத்தினான். ஒரு கஸ்தூரி எலி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வசம்பைத் தின்னப் போனது. மத்தியானத்துக்குள் அவன் தொண்டையும் போய்விட்டது. கையிலிருந்த வேரை ஒரு கடி கடித்தால் போதும். ஆனால் அது ரோலண்டின் வேர்.

ரோலண்டே தேடிக்கொண்டு கரைக்கு வந்தான்.

“என்ன மச்சான், குளியலா?” வெறும் காற்றுதான் வந்தது.

“இழுடா மாப்ளே!” இதுவும் காற்றுதான்.

“தனியா இழுத்தா நானும் உள்ளே வந்துருவேன்.”

“அப்ப ஆளைக் கூப்பிடு!”

“கூப்பிடத் தொண்டை இருந்தா உன்கிட்ட ஏன் வர்றேன்?”

எல்வுட் வேரை வீசினான். ரோலண்ட் தோலைச் சீவிப் பாதியை மென்றான். கசப்பில் முகம் கோணியது, சாறு இறங்கியது. கனைத்துப் பார்த்தான். பிறகு போன வருஷம் ஜெயித்த பாட்டை முழுசாகப் பாடினான். நன்றாகத்தான் பாடினான், அதைத்தான் எல்வுட்டால் தாங்க முடியவில்லை. பாட்டு முடிவதற்குள் சேறு நெஞ்சுக்கு வந்திருந்தது.

நீளமான கொம்பின் நுனியில் ஒரு பொட்டலம் தொங்க, ரோலண்ட் நீட்டினான். “இந்தா மச்சான், புகையிலை.”

எல்வுட்டின் கை பாதியில் நின்றது. “எதுக்கு?”

“முதல்ல வாங்கு.”

“முதல்ல சொல்லு!”

“நாளைக்கு எங்க மேளத்துல ஒரு ஆள் குறையுது. உனக்குப் பாதி வேர் வெச்சிருக்கேன்.”

எல்வுட் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்தச் சதுப்பில் ஆள் வரக் கத்தக்கூடிய தொண்டை ரோலண்டுடையது ஒன்றுதான். கையை நீட்டினான்.