மேலே என்றால் எங்கே

அண்ணிக்குக் குழாய் பழுதுபார்க்கும் தொழில். அவள் கொழுந்தனுக்குப் பதிவேடு தட்டச்சு செய்யும் வேலை. நாளெல்லாம் அடங்கி உட்கார்ந்திருப்பதைக் கணினிப் போர் விளையாட்டில் பாய்ந்து பாய்ந்து தீர்த்துக்கொள்வான். அந்த விளையாட்டில் இருவரும் ஒரு ஜோடி. அன்றைய போட்டியில் அவர்களும் எதிர் ஜோடியும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். மூன்றாவதுக்கு முன் கொழுந்தன் சொல்லிவிட்டான்.

"இதுல தோத்தா, இனிமே என் ஃப்ரெண்டோட ஆடிக்கறேன் அண்ணி. தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தாள். வாரம் முழுக்க ஊரார் வீட்டு அடைப்பை எடுப்பவளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி ஒன்றுதான் தனக்கென்று இருந்தது. அதை விடுவதாக இல்லை.

வரைபடம் திறந்ததும் அவள் படையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நடுவில் குன்று, அதன் அடியில் ஆறு, இரண்டுக்கும் இடையே ஒடுக்கமான வழி. பெரிய குழாய் சின்னக் குழாயில் சேரும் இடத்தில் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது?

"குதிரைங்களோட மேலே போ, தம்பி."

போனான். குன்றின் மேல் அல்ல, திரையின் மேல் மூலைக்கு. அவள் கவனித்தபோது குதிரைகள் அங்கே, எதிரிகள் வரும் பக்கத்தில் இருந்த காட்டுக்குள் நுழைந்திருந்தன.

"மேலேன்னா மேட்டு மேல."

"மேலேன்னா மேலதானே அண்ணி? திரும்பி வந்துடறேன்."

பதறாத காரியம் சிதறாது. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"வராதே. காட்டுக்குள்ள இருந்தா அவங்க கண்ணுல படமாட்டே. அசையாம இரு."

தன் வில்லாளிகளைக் குன்றில் ஏற்றினாள். ஈட்டிக்காரர்களை வழியின் வாயில் நிறுத்தினாள். எதிரிகள் ஆள்பலத்தை நம்பி ஆழம் தெரியாமல் அந்த வழிக்குள் காலை விட்டார்கள். முன்னால் மூன்று பேர் சண்டை போட, பின்னால் நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். குன்றிலிருந்து அம்புகள் விழுந்தன. ஆனாலும் அவள் ஈட்டிகளும் குறைந்துகொண்டே வந்தன.

"இப்பப் பாயட்டுமா?" கொழுந்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கடைசி வரிசை இன்னும் உள்ள வரலை. இரு."

மீதியை எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபது ஈட்டிகள், பத்து, நான்கு. கடைசி வரிசை வழிக்குள் நுழைந்தது.

"இப்போ. முதுகுப் பக்கமா வா."

குதிரைகள் காட்டிலிருந்து இறங்கின. எதிரிகளுக்கு முன்னே போகவும் வழியில்லை, திரும்பவும் இடமில்லை. அந்தப் படை இரண்டு நிமிடத்தில் கரைந்துபோனது.

அடுத்த சுற்றுக்குப் பெயர் எழுத அமைப்பாளர் வந்தார். "இதே ஜோடிதானே?" என்று கொழுந்தனைக் கேட்டார்.

"அதை அண்ணிதான் சொல்லணும்," என்றான் அவன்.

கொஞ்சம் தவிக்கட்டும் என்று பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"இதே ஜோடிதான்," என்றாள் பிறகு. "தலைவர்னு இருக்கிற இடத்துல மட்டும் என் பேரை எழுதுங்க."