தர்மவதியின் ஒன்பது பவுன்

ஆறு பவுன் விலைதான் தரமுடியும் என்றார் நகைக்கடை சொக்கலிங்கம் செட்டியார்.

"ஒம்போது பவுன் இருக்குது" என்றான் விமலநாதன்.

"நீங்க சொல்றீங்க வாத்தியாரே. தராசு சொல்லணுமே."

அட்டிகையைக் கவிழ்த்து முதுகைக் காட்டினார். கல்லுக்குக் கழிவு. கல்லைப் பிடித்திருக்கும் அரக்குக்குக் கழிவு. வளையலில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கழிவு. ஜிமிக்கியில் ஏறியிருக்கும் அழுக்குக்குக் கழிவு. பிறகு உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாற்று குறைச்சல் என்று உதட்டைப் பிதுக்கினார். அதற்கும் ஒரு கழிவு.

"இதுல பதினாலு காரட் சட்டம் வேற வந்துட்டுதா, எங்க தலையில இடி. இருபத்திரெண்டுல புதுசா ஒரு மூக்குத்தி செஞ்சாலும் புடிச்சிட்டுப் போறான். வாங்கி நான் இன்னா பண்றது, சொல்லுங்க. உங்க மொகத்துக்காக ஆறு."

விமலநாதன் நகைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இறங்கினான்.

செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் அவன் விஞ்ஞான ஆசிரியன். வயது இருபத்தேழு. மனைவி தர்மவதி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் போனதிலிருந்து அவனுக்கு எதிலும் ருசியில்லை, எதன் மேலும் கோபமும் இல்லை. வகுப்பில் பாடம் நடத்தினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். கேட்காததை யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை இல்லாமல் போனவளின் நகை பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தாலிப் பொன்னைக் கோயிலில் சேர்த்துவிட்டு, மிச்சத்தை சிங்கவரத்துக்கு எடுத்துப் போனபோது மாமனார் பார்சுவநாதன் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. "உங்க அத்தை இதைப் பார்த்தாங்கன்னா மறுபடி படுத்துடுவாங்க. வித்துட்டுப் பணமா குடுங்க மாப்ள" என்றார்.

பணத்துக்கு அவசரம் இருந்தது. தர்மவதியின் தங்கை ரஞ்சிதத்துக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், பதினாலு காரட் நகையை எவள் போடுவாள் என்று சொல்லி, எட்டுப் பவுனுக்கு உண்டானதைப் பணமாகவே கேட்டிருந்தார்கள். எட்டுக்குக் குறைந்தால் மாமனார் கிணற்றுக் கொல்லையை விற்க வேண்டும். மணிலாக் கடலையும் நெல்லும் மாறிமாறி விளைகிற நிலம் அது ஒன்றுதான். ஆறு பவுன் விலையோடு சிங்கவரத்துக்குப் போகமுடியாது.

கடைத்தெருவில் அடுத்த கடை அரங்கநாதனுடையது. அவர் அட்டிகையைக் கையில் வாங்கியதும், புதிதாக உரசிய தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க காட்டினீங்க?"

"சொக்கலிங்கம் செட்டியார் கடையில."

"இன்னா சொன்னாரு?"

"ஆறு பவுன் விலை."

"அப்ப ஆறேதான். அவரு தப்பா சொல்லமாட்டாரு" என்று நகையைத் திருப்பி நீட்டினார் அரங்கநாதன்.

மூன்றாவது கடையிலும் அதே கேள்வி. அதே பதில். யாருடைய நகை என்று அங்கே கேட்டார்கள். மனைவியுடையது, இறந்துவிட்டாள் என்றான். செத்தவர்கள் நகை என்றால் வாங்க யோசிப்பார்கள் என்று சொல்லி ஐந்தே முக்காலுக்கு இறக்கினார்கள். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லியிருந்தால், முதல் கடையில் ஏழரைக்குக் கேட்டார்கள் என்று சொல்லியிருந்தால், இரண்டாவது கடையில் ஏழே முக்கால் வந்திருக்கும். தெரு முழுக்க எல்லாரும் செய்வதுதான் அது. பொய் கூடாது என்று அவன் விரதம் எடுத்திருக்கவில்லை. பொய் சொல்வதற்கு ஒரு முனைப்பு வேண்டும், அது அவனிடம் இல்லை. ஆறு என்ற விலையைத் தானே கடைக்குக் கடை தூக்கிச் சென்று கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சொக்கலிங்கம் கடைக்கே திரும்பினான்.

"வாங்க, வாங்க. ஊர்கோலம் முடிஞ்சுதா?" என்று சிரித்தார் செட்டியார்.

கடைப் பாயில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். காதில் கனத்த கம்மல், பக்கத்தில் துணிப்பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கிற வெற்றிலைக் கட்டு. வளத்தி ஊரில் மணிலா மண்டி வைத்திருக்கிறவரின் மனைவி ரத்தினம்மாள். மகள் அமிர்தவல்லியின் கல்யாணத்துக்கு வெள்ளிச் சாமான் வாங்க வந்திருந்தாள். குத்துவிளக்கு, சந்தனப் பேலா, குங்குமச்சிமிழ் எல்லாம் எடுத்துத் தனியே வைத்தாயிற்று. விமலநாதன் முடிச்சை அவிழ்த்ததும் அவள் கண் அட்டிகை மேல் போய் நின்றது.

"அதை இப்டி குடு தம்பி." கையில் வாங்கினாள். எடை பார்த்தாள். "பழைய வேலை. இந்த மாதிரி ஒண்ணுக்கு நான் திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். இப்ப செய்யறதெல்லாம் பித்தளையாட்டம் இருக்குது. யாருது இது?"

"என் மனைவியுது."

"இருக்காளா?"

"இல்ல."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். குரல் தணிந்தது. "நீ கல்லாட்டம் முன்னால நிக்கிற. அப்ப பூவும் பொட்டுமா போனவ. மகராசி. எப்டிப் போனா?"

"காய்ச்சல்."

"செட்டியாரே, இதுக்கு நீ இன்னா விலை சொன்ன?"

"அது எங்களுக்குள்ள" என்றார் செட்டியார்.

"ஆறு பவுன்" என்றான் விமலநாதன்.

செட்டியார் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தினம்மாள் கடகடவென்று சிரித்தாள். "இப்டி ஒரு ஆளை வெச்சிக்கிட்டு யாவாரம் பண்றது கஷ்டம்தான். தம்பி, நான் சொல்றதைக் கேளு. உருக்காத. அப்டியே எனக்குக் குடு, அத்தனையும். ஒம்போது பவுனுக்கும் விலை தரேன், செய்கூலியும் மேல போட்டுத் தரேன். சுமங்கலியா போனவ நகை என் பொண்ணு கழுத்துல ஏறட்டும், நல்லது."

ஒன்பது பவுன், அதற்கு மேல் கூலி. கிணற்றுக் கொல்லை தப்பித்தது. விமலநாதன் தலையை ஆட்டினான். ரத்தினம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். பாதி அவிழ்த்தவள் கையை நிறுத்தி, குரலை இன்னும் தணித்துக் கேட்டாள்.

"கேக்கறனேன்னு நினைக்காத. கல்யாணத்துக்குப் போடற பொருள். புள்ளத்தாச்சியா ஒண்ணும் போகலையே அவ?"

கருவோடு போனவளின் பொருள் கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நினைப்பார்கள். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது மட்டுமில்லை, அவன் ஒருவனைத் தவிர அந்த விஷயம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி புடைத்துக்கொண்டே தர்மவதி சொன்னாள். அமாவாசை கழிந்து அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றாள். அமாவாசைக்கு முன்பே காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. மாமனார் வீட்டிலும் கேட்கவில்லை. தெரியாததை எப்படிக் கேட்பார்கள்? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். சும்மா நின்றாலே கூடப் போதும். அவள் மகள் அட்டிகையைப் போட்டுக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருப்பாள். ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும், அவன் சொன்னது நிஜமா என்று இந்த அம்மாள் அட்டிகையைத்தான் நினைப்பாள். அதுகூடப் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணம்தான். அந்த நேரத்தில் அவன் எதையும் யோசிக்கவில்லை.

"மூணு மாசம்" என்றான்.

ரத்தினம்மாள் அட்டிகையைத் துணியின் மேல் வைத்தாள். வீசவில்லை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள்.

"எனக்குத் தெரியாமயே போயிருக்குமே தம்பி" என்றாள். "நீ சொல்லாம இருந்திருந்தா..."

"ஆமா."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இப்பதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பொண்ணுக்கு எடுத்துக்க முடியாது. மன்னிச்சுக்க. பெத்தவ மனசு, பயப்படுது."

செட்டியார் தொண்டையைக் கனைத்தார். "பாத்தீங்களா வாத்தியாரே. இந்த மாதிரி பொருளை உருக்கத்தான் ஆவும். அதுவும் நானா இருக்கறதால வாங்கறேன். அஞ்சரைன்னு வெச்சிக்குங்க."

ரத்தினம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னாது? அஞ்சரையா?"

"ஏம்மா, நீங்களே வேணாம்னுட்டீங்க..."

"நான் கழுத்துல போட வேணாம்னேன். நீ கழுத்துலயா போடப்போற? நெருப்புல போடப்போற. நெருப்புக்குப் போற பொன்னு யாரு கழுத்துல இருந்தா உனக்கு இன்னா? அந்தப் பொண்ணு செத்ததுக்கு அரைப் பவுன் கழிக்கிறியே, உனக்கு வயித்துல பொறந்தது எதுவும் இல்ல?"

"யாவாரத்துல அதெல்லாம் பேசக்கூடாதுங்க."

"அப்ப யாவாரமே பேசலாம். கல்லுக்குக் கழிச்சியா?"

"கழிக்காம?"

"அப்ப கல்லைக் கழட்டி அவரு கையில குடு. கழிச்ச கல்லு உனக்கு எதுக்கு?"

செட்டியார் விமலநாதனைப் பார்த்தார். அவன் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரக்குக்கும் அழுக்குக்கும் கழிச்சியா? உருக்கினா அரக்கு எரிஞ்சு போவுது, அழுக்கும் எரிஞ்சு போவுது. நின்னது பொன்னு. அதை நிறு. நின்னதுக்கு இன்னிக்கு விலை எதுவோ அதைக் குடு. முன்னாடியே ஏன் கையால கழிக்கிற?"

"உருக்கறதுக்கு ஆசாரி வேணும், கரி வேணும், நேரம் வேணும்..."

"ஆசாரி பின்னால சும்மாதான் உக்காந்திருக்கான், சட்டம் வந்ததுலருந்து. கூலியை நான் தரேன். நேரமா? எனக்கு நிறைய இருக்குது. கடைசி பஸ் வரைக்கும் இங்கியேதான்." வெள்ளிச் சாமான் குவியலைக் காலால் இலேசாக நகர்த்தினாள். "இல்லன்னா இந்தக் குத்துவிளக்கு அரங்கநாதன் கடையிலயும் கெடைக்கும். அவரு கடையில பெஞ்சுகூடப் போட்டிருக்காரு."

செட்டியார் வெள்ளியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நீங்க வளத்தியில மண்டி வெச்சிருக்கறது, உங்க வீட்டுக்காரரா, நீங்களா?"

"அவரு வெச்சிருக்காரு. நான் நடத்தறேன்."

கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஆசாரி கற்களை நெம்பி எடுத்து, காகிதத்தில் மடித்து விமலநாதனிடம் கொடுத்தார். உருக்குகிற மண் மூசையில் நகைகளைப் போட்டு, வெங்காரப் பொடி தூவி, ஊதுகுழலை வாயில் வைத்தார். முதலில் அரக்கு கருகி நாறியது. வளையல்கள் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்தன. ஜிமிக்கி எது, அட்டிகை எது என்று தெரியாமல் ஆயிற்று. ரத்தினம்மாள் பக்கத்தில் நின்று கரியையும் தராசையும் மாறிமாறிப் பார்த்தாள். விமலநாதன் மூசையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பார்க்கமுடியாது என்று நினைத்திருந்தான். பார்க்க முடிந்தது.

கட்டியை நிறுத்தபோது எட்டரைப் பவுனுக்கு ஒரு பொட்டுக் கூடவே நின்றது. மாற்றில் குறை எதுவும் காணவில்லை. அதைப் பற்றிச் செட்டியார் பேசவும் இல்லை. அன்றைய விலைக்குப் பணத்தை எண்ணி வைத்தார்.

தெருவில் இறங்கியதும் ரத்தினம்மாள் கேட்டாள். "அவ பேரு இன்னா?"

"தர்மவதி."

"வரேன் தம்பி" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

விமலநாதன் சைக்கிளில் சிங்கவரத்துக்குப் போனான். சமணர் வழக்கப்படி பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடித்து மாமனார் கை கழுவிக்கொண்டிருந்தார். பணத்தை அவர் முன்னால் வைத்தான்.

"எவ்ளோ வந்துது மாப்ள?"

"எட்டரைப் பவுனுக்கு வந்துது."

"எட்டரையா! செஞ்சியிலயா? ஏழு வந்தாலே பெருசுன்னு நினைச்சிருந்தேன்."

"ஒரு அம்மா கூட நின்னு வாங்கிக் குடுத்தாங்க. வளத்தி. ரத்தினம்மாள்னு பேரு."

சமையல் கட்டு நிலைப்படியில் மாமியார் தனலட்சுமி வந்து நின்றாள். "நம்ம ஜனமா? நமக்காக அவங்க எதுக்கு நிக்கணும்?"

கேள்வி நியாயமானது. விமலநாதன் சுவரோரம் உட்கார்ந்தான். "நீங்களும் உக்காருங்க அத்தை" என்றான். பிறகு அரிசி புடைத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கி, செட்டியார் கடையில் அந்த அம்மாள் கேட்டது வரைக்கும் சொன்னான். ஒரு வருஷத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரஞ்சிதத்தின் கை நின்றுவிட்டது.

தனலட்சுமி உடனே அழவில்லை. "கடைசியா வந்தப்ப புளியங்காய் தின்னா" என்றாள். "பல்லு கூசிப் போயிடும்டின்னு திட்டினேன். புடுங்கித் தூக்கிப் போட்டேன்." அதற்குப் பிறகுதான் அழுதாள். ரஞ்சிதம் ஈரக்கையோடு ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

பார்சுவநாதன் பணத்தைக் கையில் எடுத்தார். பிறகு அதை இரண்டாகப் பிரித்தார். எட்டுப் பவுனுக்கு உண்டானதை மகளின் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் வைத்தார். அரைப் பவுன் விலை தனியாகக் கிடந்தது.

"இதுல ஒரு சுமைதாங்கி நட்டுடலாம்" என்றார்.

வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமல் போனவளின் பேரில் சாலையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"செஞ்சி ரோட்டுல, வண்டிப்பாதை பிரியற எடத்துல" என்றார் பார்சுவநாதன். "சந்தைக்குப் போற பொம்பளைங்க அந்த வழியாத்தான் வருவாங்க."

"ரொம்ப உசரமா வெச்சிடாதீங்க" என்றாள் தனலட்சுமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லா எடத்துலயும் ஆம்பளை உசரத்துக்கு வெச்சிடறாங்க. எட்டாது."

"அவ எவ்ளோ உசரம்?" என்று மாமனார் மருமகனைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

விமலநாதன் எழுந்து நின்று, தன் தோளைத் தொட்டுக் காட்டினான்.