பக்கம் 212

அந்தக் குதிரை பதினேழாவது முறையாக வந்தபோது கடைசிப்பக்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யார் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று புத்தகத்தின் முடிவில் அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அதைத் தயாரிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிப்பகத்தில் அவள் வேலை. அதனால் ‘கடைசிப்பக்கம்’ என்பதே அவள் பெயராகிவிட்டது. எழுதியவன் லட்சணம் தெரிய முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம், பட்டியல் போதும் என்பது அவள் கட்சி. இந்தப் பட்டியலில் குதிரைக்குப் பதினேழு பக்கம், நாய்க்கு ஒன்பது, ரோஜாத் தோட்டத்துக்கு ஆறு. அந்நிய ஆட்சியில் அந்த மாவட்டத்தைப் பதினோரு வருடம் ஆட்டிப்படைத்த ஓர் அதிகாரியின் வாழ்க்கை வரலாறு அது. எழுதியவர் அவருடைய கொள்ளுப்பேரன். மாவட்டத்து ஜனங்கள் ‘நன்றியுள்ள மக்கள்’ என்று இரண்டே இடத்தில் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கொள்ளுத்தாத்தாவின் கஞ்சத்தனம் சிக்கனமாகியிருந்தது, மூர்க்கம் கண்டிப்பாகியிருந்தது. இரண்டாயிரம் பேரை அடித்து வேலை வாங்கிய சாலை ‘அவர் போட்ட சாலை’யாம், என்னமோ அவரே தலையில் கல் சுமந்த மாதிரி. எரிச்சலோடுதான் ஒரு பெயருக்கு ஓர் அட்டையாக எழுதி, அகரவரிசைப்படி பெட்டியில் செருகிக்கொண்டிருந்தாள்.

மேற்கோள்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி கொள்ளுப்பேரன் அந்த அதிகாரியின் டைரிகளையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“பாதி புரியாதும்மா. கொள்ளுத்தாத்தா கையெழுத்து எங்க வீட்லயே ஒருத்தருக்கும் விளங்காது.”

“நீங்க முழுசாப் படிச்சீங்களா சார்?”

“தேவையானதைப் படிச்சேன். வேலை முடிஞ்சதும் கொளுத்திடலாம்னு இருக்கேன், பூச்சி அரிச்சுக் கெடக்கு. அதான் எல்லாம் புத்தகத்துல வந்துடுச்சே.”

எழுத்தாளர்களின் கிறுக்கலில் கண்ணைத் தேய்த்தவளிடம் போய் கையெழுத்து புரியாது என்று சொல்லியிருக்கிறார். 212ஆம் பக்கத்தில் அச்சாகியிருந்தது இது: ‘இன்று காலை நீர் வரியை எதிர்த்துக் கூட்டம் கூடியது... மாலையில் ரோஜாக்களுக்கு நானே நீர் ஊற்றினேன்.’ டைரியில் அந்த மூன்று புள்ளிகளின் இடத்தில் பதினான்கு வரிகள் இருந்தன. சுட உத்தரவிட்டேன். ஐவர் விழுந்தனர். ஒரு தச்சன், ஒரு கிணறு வெட்டுபவன், கால் ஊனமான ஒரு கிழவன், ஒரு பால்காரி, அவள் இடுப்பிலிருந்த குழந்தை. பெயர்கள் கேட்கவில்லை.

குதிரையின் பெயர் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. டைரியை மூடினாள்.

பதிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது அவங்க குடும்ப விஷயம். ஊர் வம்பு நமக்கெதுக்கு? நீ பட்டியல மட்டும் பாரு.”

“சரி சார், பட்டியல மட்டும் பாக்குறேன்.”

ஐந்து புது அட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஆளை எழுதி, எதிரே 212 என்று போட்டாள். டைரி சாம்பலான பிறகு அந்த ஐந்து பேரும் இருந்ததற்கு இந்த ஐந்து வரிகள்தான் அத்தாட்சி. மாட்டினால் வேலை போகும். போனால் இந்த வயதில் வேறு யாரும் கூப்பிட்டு நாற்காலி போடப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அச்சுக்குப் போகும் முன் கொள்ளுப்பேரன் பட்டியலைப் பார்க்க வந்தார். நேராகத் தன் பெயருக்குப் போனார். பிறகு அப்பா, தாத்தா. கடைசியில், “குதிரை விட்டுப்போகலையே?” என்று விரலை ஓட்டினார். அகரவரிசையில் குதிரைக்கு அடுத்த வரியே குழந்தை. ‘குழந்தை, பால்காரியின் இடுப்பிலிருந்தது, 212.’ அவர் விரலின் நிழல் அதன்மேல் கிடந்தது.

“பதினேழு பக்கமா! பிரமாதம்மா,” என்று கையெழுத்துப் போட்டார். குடும்பத்து ஆட்களையும் குதிரையையும் தவிர வேறு எந்த வரியும் அந்தக் கண்ணுக்குத் தட்டுப்படாது என்று அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. டைரிகள் அன்றைக்கே அவர் காரில் ஏறிப் போயின.

புத்தகம் தைத்து வந்த நாளில் பைண்டர் ஒரு பிரதியோடு அவள் மேஜைக்கு வந்தார். வருடக்கணக்காக அவள் பட்டியல்களைப் படிக்கிற ஒரே ஜீவன்.

“என்னம்மா, பால்காரி 212ன்னு போட்டிருக்கே? மூணு தடவ தேடிட்டேன். தச்சனும் இல்ல, புள்ளையும் இல்ல. நீ தப்பு பண்ண மாட்டியே?”

“தப்பு இல்லண்ணே. இருக்காங்க. நல்லாப் பாருங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பசை காயாத விரலை வரிவரியாக நகர்த்தினார். கூட்டம் கூடியது என்பது வரை வந்து, ரோஜாக்களுக்குத் தாண்டப் போன விரல் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் பட்டியலுக்குத் திருப்பி 212 போட்டிருந்த ஆட்களை எண்ணினார், மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தார்.

“அஞ்சு பேரும்மா,” என்றார் மெதுவாக. “மூணு புள்ளிதானே வெச்சிருக்கான்.”

விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தார். காகிதத்தில் பசை ஒட்டியிருந்தது.