கல் சுவருக்கு அடுத்த வீடு

அந்தத் தீவு கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடந்த நீளமான மணல் திட்டு, அவ்வளவுதான். நடுவில் ஒரே ஒரு தார் ரோடு. அந்த ரோட்டில், கடல் பார்த்த பக்கம், அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த மனையில் குடியிருந்தார்கள். பெரியவள் லாட்ஜ் நடத்தினாள். சின்னவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, லாட்ஜுக்குத் திரைச்சீலை முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை வரை தைத்துக் கொடுத்தாள். இரண்டு மனைக்கும் நடுவே வேலி கிடையாது. இவள் அடுப்பில் பால் பொங்கினால் அவள் ஓடிவந்து இறக்குவாள்.

லாட்ஜ் கட்டும்போதே பெரியவளின் வீட்டுக்காரர் கடலோரத்து மணல் மேட்டை வெட்டிச் சமன் செய்துவிட்டார். கட்டிலில் படுத்தபடியே அலையைப் பார்க்கலாம் என்பதால்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கடல் மழைக்காலத்துக்கு மழைக்காலம் மேலேறி வந்து, ஒரு வருஷம் முன்வரிசை அறைகளின் படிக்கட்டைத் தொட்டது. அந்த லாட்ஜை விட்டால் பெரியவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. லாரி லாரியாகக் கருங்கல்லை இறக்கி, லாட்ஜ் நீளத்துக்கும் சுவர் எழுப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் சுவர் அசைந்து கொடுக்கவில்லை. பெரியவள் மொட்டைமாடியில் நின்று, "இப்ப வா, பாக்கலாம்!" என்று கடலுக்கே சவால் விட்டாள். கீழே நின்ற தங்கையும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சுவர் முடிகிற இடத்தில், தங்கை வீட்டு முற்றத்தை யாரோ கரண்டியால் தோண்டினாற்போல மண் உள்வாங்கியது. முதலில் துணி காயப்போடும் கம்பம் சாய்ந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கமாக இறங்கியது.

கரையோரத்தைப் பார்வையிட வந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி லாட்ஜில் தங்கினாள். அவளுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே பெரியவள், தங்கை வீட்டு முற்றம் மட்டும் ஏன் இப்படி அரிக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"சுவர்ல மோதுற அலை சும்மா திரும்பாதும்மா. எதிர்ல இருக்குற மணலை அரிச்சிட்டுப் போயிடும். சுவர் எங்க முடியுதோ, அங்க பக்கத்து மண்ணைக் கடிக்கும்" என்றாள் இன்ஜினியர்.

"அப்ப என்னதான் பண்ணணுங்கிறீங்க?"

"நாமதான் கொஞ்சம் பின்னால போகணும். மணல் மேடு மறுபடி சேர இடம் விடணும். வேற வழி எனக்குத் தெரியல."

பெரியவள் தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கை தையல் மெஷினை முன்னறையிலிருந்து பின்னறைக்கு நகர்த்தியதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். தங்கையின் வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். எப்போதும் "என்னக்கா, லாட்ஜ் நிரம்பி வழியுதா?" என்று கேலி செய்துகொண்டே வருகிறவர், இப்போது தலையைக் குனிந்துகொண்டு ரோட்டோடு போனார். தங்கை மட்டும் வழக்கம்போல வந்தாள், தைத்த தலையணை உறைகளைக் கொடுத்தாள், சிரித்துப் பேசினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

புயல் ஒரு மத்தியானம் வந்தது. மெக்கானிக் காயல் பக்கம் படகுகளை இழுத்துக் கட்டப் போயிருந்தார். லாட்ஜ் சன்னலிலிருந்து பார்த்தபோது தங்கை வீட்டு முன்னறைக்குள் அலை புகுந்து வெளியேறுவது தெரிந்தது. பெரியவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

தங்கை பின்னறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, மெஷினைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத விடுடி! உசிரு முக்கியமா, மெஷின் முக்கியமா?"

"ரெண்டும்தான்! அந்தப் பக்கம் புடி!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விழுந்து எழுந்து, பின்வாசல் வழியாக ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மெஷினைக் கீழே வைத்ததும் பின்னால் ஒரு சத்தம். முன்னறை, சுவரும் கூரையுமாகக் கடலுக்குள் சரிந்தது. தங்கை அழவில்லை. "நல்லவேளை, சட்டை எல்லாத்தையும் நேத்தே குடுத்துட்டேன்" என்றாள். அதைக் கேட்டுப் பெரியவள்தான் ஓவென்று அழுதாள்.

தங்கை குடும்பம் லாட்ஜின் முன்வரிசை அறையில் தங்கியது. புயல் ஓய்ந்த காலையில் பெரியவள் காப்பியோடு போனாள். தங்கை சன்னலருகே நின்றிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி மணல் இல்லை. கல்லடியிலேயே கடல் அலம்பியது.

"உன் வீட்டை என் சுவருதான்டி தின்னுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். அந்த இன்ஜினியர் பொண்ணு சொன்னா. நான்தான் உங்கிட்ட மறைச்சிட்டேன்."

"எனக்கும் தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"தொறந்தா? இடிக்கச் சொல்லணும். இடிச்சா நீ எங்க போவ? அத நெனச்சா கேக்க வாய் வரல. ஆனா கோவம் இல்லன்னு நெனச்சுக்காத. தினமும் ராத்திரி உன்னைத் திட்டிட்டுத்தான் படுத்தேன்."

"என்னன்னு திட்டுன?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தாள். சுவரை எடுத்துவிடுவது, முன்வரிசை அறைகளையும் பிரித்துவிடுவது. மெக்கானிக் நம்பவில்லை.

"முன்வரிசை இல்லாத லாட்ஜா? பல்லு போன வாய் மாதிரி இருக்கும்க்கா."

"பல்லு போனவங்க யாரும் பட்டினியா கெடக்கல. நீங்க போய் கிரேன்காரனைக் கூட்டிட்டு வாங்க."

கல்லெல்லாம் லாரி ஏறிப் போயிற்று. பிரித்தெடுத்த கதவு, சன்னல், ஓடு எல்லாவற்றையும் கொண்டு, லாட்ஜுக்குப் பின்னால் ரோட்டோரமாகத் தங்கைக்கு ஒரு சின்ன வீடு எழுப்பினார்கள். அறைகள் நின்ற இடத்தில் இருவரும் சேர்ந்து அடம்பங்கொடி நட்டார்கள். பாதி கருகியது. மீதி படர்ந்து, காற்றில் வந்த மணலைக் காலடியில் பிடித்துவைத்தது. அடுத்த மழைக்காலத்தில் கடல் அந்தக் கொடி வரைக்கும் வந்தது. போகும்போது கொஞ்சம் மணலை விட்டுப் போனது, அடுத்த வாரமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது, பிறகு மறுபடி கொண்டுவந்தது. லாட்ஜுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெரியவளுக்குக் கையைக் கடித்தது, ஆனால் சாப்பாடு இறங்கியது.

இந்த நேரத்தில்தான் தெற்கு மனைக்காரரான ஐஸ் ஃபேக்டரி முதலாளி கடலோரம் சுவர் கட்டக் கருங்கல்லுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று மெக்கானிக் சேதி கொண்டுவந்தார். அக்காளும் தங்கையும் கையோடு கிளம்பிப் போனார்கள். முதலாளி அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க சுவர் போட்டப்ப நான் வந்து கேட்டேனா?"

"கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் பெரியவள்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது தங்கை சொன்னாள்: "மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திட்டாரே. இனி என்ன பண்றது?"

"நாளைக்கும் வருவோம். அந்த இன்ஜினியர் பொண்ணுக்கு ஃபோன் போட்டு அவளையும் கூப்பிடுவோம். அவரு எத்தன தடவதான் கதவச் சாத்துவாரு?"

"உன்னை மாதிரி ஆளா இருந்தா, பக்கத்து வீடு விழற வரைக்கும் சாத்துவாரு."

"அதான், அதுக்கு முன்னாடியே தட்டுவோம்" என்றாள் பெரியவள்.