இருபத்திரண்டில் மூன்று

மதியம் பல் செய்கிற லேபில் எல்லோரும் சாப்பிட எழுந்து போனதும், பல்லக்கா தன் பையிலிருந்து ஒரு கணினியின் முகப்பை எடுத்து ஜன்னல் கட்டையில் நிறுத்தி, அதன் பக்கத்தில் ஷேட் கைடை விரித்துப் பிடித்தாள். பல்லின் நிறம் பார்க்கிற விசிறி அது. பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். வாயில் மிச்சமிருக்கும் பல்லோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதன் எண்ணை மருத்துவர் சீட்டில் குறித்து அனுப்புவார். இருபத்தாறு வருடமாக அந்த எண்களை வைத்துப் பல் செய்து கொடுப்பவள் பல்லக்கா. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. தெருவில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கணினிக்கு ஷேட் கைடு வைத்துப் பார்த்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஏழாவது பல்லில் கை நின்றது. அதைவிட ஒரு மயிரிழை மங்கல். துளி சாம்பல் சேர்த்தால் சரியாகிவிடும். வேலை முடிந்த மாதிரிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

படுக்க வைத்த தடித்த அகராதி அளவுதான் இருக்கும் அந்தக் கணினி. பழைய சாமான் கடையில், பெரிய பெட்டிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததைக் கண்டெடுத்தாள். முகப்பில் காற்றுப் போவதற்கென்று இருபத்திரண்டு மெல்லிய பட்டைகள், சீப்பின் பற்களைப் போல. அவற்றில் மூன்று போயே போய்விட்டிருந்தன. பிளாஸ்டிக் மஞ்சளாகி, உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கடைக்காரர், "பல்லு போனதாப் பாத்து எடுத்துட்டுப் போறியாக்கா" என்று கேலி செய்தார். அவள் காசை எண்ணிக் கொடுத்தாள். பல் போனதால்தான் எடுத்தாள்.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடித்து ஒன்பது வருடமாகிறது. லேபில் வேலைச்சீட்டு அடிக்கிற குட்டி சிபியூ ஒருநாள் படுத்துவிட்டது. தூக்கிப் போடு என்றார் முதலாளி. தூக்கிப் போடப் போனவள், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நான்கு திருகைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். ஒரு வாய்க்குள் முப்பத்திரண்டையும் அடக்குகிற வித்தை தெரிந்தவளுக்கு, அத்தனை சின்ன இடத்தில் அத்தனை சாமான்களையும் இடிக்காமல், உரசாமல், காற்றுக்கும் வழிவிட்டு அடுக்கியிருந்தவன் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பலகையில் இரண்டு கெப்பாசிட்டர்கள் ஈறு வீங்கின மாதிரி உப்பியிருந்தன. பழுது பார்க்கிறவரிடம் கேட்டு, படித்து, இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டு அவற்றை மாற்றினாள். ஓடியது. அதன் பிறகு சின்னதாக ஒன்று கண்ணில் பட்டால் விடுவதில்லை. செருப்பு டப்பா அளவில் ஒன்று, சதுரமாக ஒன்று, திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. முன்னறைக் கண்ணாடி அலமாரியில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இருந்தன. அவை கட்டிலுக்கடியில் போக, இப்போது எட்டுக் கணினிகள் நின்றன. எட்டும் ஓடும். அவள் கணவர் பேருந்து ஓட்டுபவர். வண்டி என்றால் ஓடணும் என்கிற ஒரே கொள்கைக்காரர். ஓடுகிற வரை அலமாரியில் என்ன நின்றாலும் அவருக்குச் சம்மதம்.

அந்த மூன்று பட்டைகளுக்கு அவள் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். முழுசாக இருந்த பட்டை ஒன்றை மெழுகில் அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் பதித்து, பல்செட்டுக்கு ஊற்றுகிற அதே அக்ரிலிக்கை நிறம் கலந்து ஊற்றினாள். முதல் தடவை வெளுப்பு. இரண்டாவது தடவை நிறம் சரி, ஆனால் பளபளப்பு அதிகம். புதுசைப் புதுசாகவே காட்டியது. பழைய பிளாஸ்டிக்குக்கு எத்தனையோ விரல்கள் தடவித் தடவி வந்த ஒரு மந்தமான மினுக்கு உண்டு. அதைக் கொண்டுவர மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் தேய்த்து, கடைசியில் தன் கட்டைவிரலாலேயே மணிக்கணக்காகத் தேய்த்தாள். பொருத்தியானதும் கணவரைக் கூப்பிட்டு எது புதுசு என்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அன்று அவளுக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

ஒன்பதாவது அலமாரிக்கு வந்த வாரமே நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மாற்றலாகி வந்து எட்டு மாதமான நூலகர் அம்மாள், மாடிக் கூடத்துக் கண்ணாடிப் பேழைகள் சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஊரில் யார் யார் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். ஒன்பது கணினிகளையும் ஒரு மாதம் காட்சிக்கு வைக்கலாம் என்றார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு: எந்த வருடம், எங்கே கிடைத்தது, எது அசல், எது மாற்றியது. பல்லக்கா சீட்டுகளை எழுதி, கூடவே தன் குறிப்பு நோட்டையும் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கேதான் வம்பு.

சீட்டுகளைச் சரிபார்க்கப் போன அன்று, மாடிக் கூடத்தில் நல்ல வெளிச்சம். நூலகர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கெப்பாசிட்டர் மாற்றியது, மின்விசிறிக்கு எண்ணெய் விட்டது, பேட்டரி மாற்றியது எல்லாம் சீட்டில் ஏறியிருந்தன. ஒன்பதாவதில் நின்றார். கிடைத்தபோது முகப்பில் மூன்று பட்டை இல்லை என்று நோட்டில் இருக்கிறது, பல்லக்கா எழுதித் தந்த சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே என்றார். இப்போதுதான் இருக்கிறதே என்றாள் பல்லக்கா.

"இருக்கு. நீங்க செஞ்சதுன்னு எழுதணும்ல? பாக்க வர்றவங்க அதையும் அசல்னு நம்பிட்டுப் போயிடுவாங்க."

"நம்பணும்னுதான் மேடம் செஞ்சேன்."

நூலகர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே, எழுதாவிட்டால் எட்டைத்தான் வைக்க முடியும் என்றார். வீட்டு அலமாரியில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பொது இடத்தில் காட்சிக்கு வைத்தால் பார்க்கிறவருக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும், அது அவருடைய வேலை என்று விளக்கினார். விளக்கும்போது ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. பல்லக்காவின் கண், பழக்கதோஷத்தில், வாய்க்குப் போனது.

மேல்வரிசை முன்பற்கள் இரண்டு. இடது பல் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. அதன் நடுவே, அருகில் வந்தால் மட்டும் தெரிகிற ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டை இழுத்தவள் அவள்தான். நான்கு வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்த சீட்டு அப்படியே ஞாபகம் வந்தது: பழைய பல் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே வேண்டுமாம், விபத்து நடந்ததே வெளியில் தெரியக் கூடாதாம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். பழைய புகைப்படம் ஒன்றின், வாய் மட்டும் வெட்டியெடுத்த துண்டும் கூட வந்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை முடித் தூரிகையால் அந்தக் கோட்டை வரைந்திருந்தாள்.

கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. உங்கள் வாயில் எது அசல், எது மாற்றியது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? ஒரே கேள்வி. ஒன்பதாவது கணினி அந்த நிமிடமே பேழைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பல்லக்கா எச்சிலோடு அதை விழுங்கினாள். லேப் வாசலைத் தாண்டிய பல், யார் வாயில் இருக்கிறதோ அவருடையது. அதைப் பற்றிப் பேச செய்தவளுக்கு உரிமை கிடையாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தரவேண்டியதும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். பல்லைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இருபத்தாறு வருடமாக, தெரியாமல் செய்தால்தான் கெட்டிக்காரி என்று ஒரு வேலையைச் செய்துவிட்டு, இப்போது இதோ நான் செய்தது என்று விரலை நீட்டிக் காட்டச் சொன்னால் எப்படி? செய்ததைச் சொல்லிக் காட்டினால் செய்ததே வீணில்லையா? அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்தில் முப்பது வருடம் மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர். கடைசி நிறுத்தம் வரும்வரை வாய் திறக்க மாட்டார்.

"பல்லு போனவங்களுக்கு வெளிய தெரிஞ்சா வெக்கம். அதனால மறைக்கற, நியாயம். இந்தப் பெட்டிக்கு என்ன வெக்கம்?"

அவள் தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"வெக்கம் அதுக்கு இல்ல. உனக்கு. செஞ்சது நீன்னு ஒருத்தர் பேர் சொல்லிப் பாராட்டிட்டா என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கற."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கூட வாழ்கிற மனுஷன் எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது கூட ஒரு தொல்லைதான். அவருக்குத் தட்டை வைத்துவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தாள். ஒன்பதாவதின் முன்னால் உட்கார்ந்து, பட்டைகளை இடமிருந்து வலமாக எண்ணினாள், பிறகு வலமிருந்து இடமாக. தான் செய்த மூன்றில் கண் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாள். அதை அவள் தனக்குத்தானே கூட இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டை எடுத்தாள். நான்கு தடவை அடித்து அடித்து எழுதி, ஐந்தாவது சரியாக வந்தது.

மறுநாள் நூலகர் அதை நின்றபடியே படித்தார். 'முகப்பில் உள்ள இருபத்திரண்டு பட்டைகளில் மூன்று நான் செய்தவை. பல் கட்டும் அக்ரிலிக்கில் செய்தது. எந்த மூன்று என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.' கீழே அவள் பெயர், தெருவில் யாருக்கும் ஞாபகமில்லாத பெயர். அதற்கும் கீழே, செயற்கைப் பல் தொழில்நுட்பநர் என்று தொழில்.

கடைசி வரியில் நூலகரின் கண் நின்றது. எந்த லேப் என்று கேட்டார். பல்லக்கா சொன்னாள். நூலகரின் கை மெல்ல மேலே எழுந்து உதட்டின் மேல் உட்கார்ந்தது. 

"நாங்க ஆளைப் பாக்கறதே இல்ல மேடம்," என்றாள் பல்லக்கா, பேழைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "நம்பர்தான் வரும். செஞ்சு அனுப்பிட்டா மறந்துடும்."

நூலகர் அவளைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு கையை இறக்கி, சீட்டை ஒன்பதாவதின் பக்கத்தில் நேராக நிறுத்தினார்.

"உங்க வேலை நல்லா இருக்கு," என்றார்.

எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. பல்லக்காவும் கேட்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டாள், அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

காட்சி தொடங்கிய வாரத்திலேயே மற்ற எட்டும் அனாதைகளாகிவிட்டன. வந்தவர்கள் எல்லாம் ஒன்பதாவதின் முன்னால் குனிந்து நின்றார்கள். அலுவலகம் போகிறவர்கள், பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் இருவர். ஒருவர் பூதக்கண்ணாடியே கொண்டு வந்தார். பந்தயம் கட்டாத குறையாகச் சண்டை போட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஓரத்திலிருந்த, லேசாகக் கீறல் விழுந்த பட்டையைக் காட்டி இதுதான் என்றார்கள். அது பெட்டியோடு பிறந்த பட்டை. சனிக்கிழமைகளில் பல்லக்கா கூடத்தின் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தலையாட்டாமல் எல்லாவற்றையும் கேட்டாள். நூலகர் தாமும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, தப்பான பட்டையைச் சுட்டிக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, கூட்டம் கலைந்த மதியத்தில், தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர் ஒருவர் படியேறி வந்தார். தோளில் ரெஞ்சு தொங்கும் பை, கையில் பழைய துண்டில் சுற்றிய ஒன்று. சீட்டில் பெயர் போட்டிருக்கிறதே, அந்த அம்மா யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததாம், குழாய் மாற்றப் போனபோது எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். துண்டை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவில் ஒரு கணினி. முகப்பு பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தது.

"இது தேறுமாம்மா?"

பல்லக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மிச்சமிருந்த முகப்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வெயிலில் மெதுவாகத் திருப்பினாள். ஒரு பக்கம் தந்த நிறம், இன்னொரு பக்கம் வைக்கோல் நிறம், உடைந்த விளிம்பில் மட்டும், செய்த அன்று எப்படி இருந்ததோ அந்த வெள்ளை.